முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி

சென்ற வாரம் குமார் போன் செய்தார். கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக நான் இருந்த இடத்துக்கு, நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர் அவர்.

"அக்கா, பீரோவுல பதினோரு நீள நோட்டு கீது. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. பழைய பேப்பருக்குப் போட்டுடவா?"

அவை லேபின் வருகைப் பதிவேடுகள். யார் எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று மாணவர்களே எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். மாலையில் கடைசி வரியை நான் எழுதி மூடுவேன். இப்போது மாணவர்கள் லேப்டாப்பும் செல்போனும் கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரே சிஸ்டத்தில் பத்துப் பேர் மாறி மாறி உட்காரும் காலம் முடிந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அக்கா இவ்ளோ டைமு, நம்பரு? போலீஸ் ஸ்டேஷன் நோட்டாட்டம் கீது."

"ஏழாவது நோட்டை மட்டும் எடுத்து வைங்க குமார். மிச்சத்தைப் போட்டுடுங்க."

"ஏழாவதுல இன்னா கீது?"

"ஒரு வெள்ளிக்கிழமை கீது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, சொல்லச் சொன்னார். போனில் சொல்லும் அளவுக்கு எனக்கு வாய் வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. பிறகு செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் லோயர் முடித்தேன். அங்கே சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார். காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி, முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு. ஒன்று குறைந்தாலும் தாளை உருவி எடுத்துவிட்டு, "மறுபடி" என்று புதுத் தாளைச் செருகுவார். விரல்களுக்கு அது பழகிவிட்டது. கல்லூரியில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து சில ஆண்டுகள் அலுவலகத்தில் தபால் பதிந்தேன். லேப் கட்டியபோது, டைப் தெரிந்தவள் என்பதால் என்னை அங்கே போட்டார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

லேபில் முப்பத்திரண்டு சிஸ்டம். காலையில் மெயின் சுவிட்சைப் போட்டு ஒவ்வொன்றாக எழுப்புவேன். செருப்பை வெளியே விடச் சொல்லி ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தேன்; அதனால் வாயால் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் ஒவ்வொரு திரையையும் பார்த்து, திறந்திருப்பதை மூடி, அணைத்து, ஸ்டூல்களை உள்ளே தள்ளிவிட்டுப் போவேன். பேச்சே தேவைப்படாத வேலை. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். கல்லூரி ஆண்டு விழாவில்கூட, யாராவது மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் நிற்கிறவள் நான்.

வரலாற்றுத் துறைக்குச் சண்முகநாதன் சார் வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மனைவிக்குக் கல்பாக்கத்தில் வேலை. அதனால் இந்தப் பக்கம் வந்தவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும், "ஆதாரம்?" என்பார். கேன்டீனில் சாம்பாரில் உப்பு இல்லை என்று ஒருவன் சொன்னால் பக்கத்து மேஜையிலிருந்து இன்னொருவன், "ஆதாரம்?" என்று கேட்பான். அந்த அளவுக்குச் சாரின் சொல் கல்லூரியில் பரவியிருந்தது.

ஒரு நாள் அவர் லேபுக்கு வந்து, "மேரியம்மா, வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேல லேப் சும்மாத்தான கெடக்கு? நமக்குத் தருவீங்களா?" என்று கேட்டார். மற்றவர்கள், "சிஸ்டம் வேணும்" என்பார்கள். இவர் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். நான் உட்காரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு வகுப்பு லேபுக்கு வந்தது. சார் முன்னால் நிற்காமல் கடைசி வரிசையில் நின்றுகொண்டு சொன்னார்:

"இதுக்குப் பேரு விக்கி. எல்லாரும் சேர்ந்து எழுதுத நோட்டுன்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் திருத்தலாம். யார் எப்ப என்ன மாத்தினாங்கங்கிறது மட்டும் அப்படியே நிக்கும். அழியாது."

அந்த வகுப்பில் விக்னேஷ் என்று ஒருவன் இருந்தான். வகுப்பு முழுக்க அவனை விக்கி என்றுதான் கூப்பிடும். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மச்சான், உன் மேல எல்லாரும் எழுதலாமாம்டா."

"எழுதினா அழியாதாம்" என்றது இன்னொரு குரல்.

விக்கி எழுந்து நின்றான். "சார், பேர மாத்துங்க சார். பேஜாரா கீது."

"உம் பேரையா, இது பேரையா?" என்றார் சார்.

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. லேபில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வேலை இதுதான். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து தங்கள் பக்கத்து ஊர் ஒன்றையோ, அந்த ஊரின் ஒரு விஷயத்தையோ பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். முதலில் போய்க் கேட்க வேண்டும். பிறகு கையால் குறிப்பு எழுத வேண்டும். அதன் பிறகுதான் தட்டச்சு. ஒரு விஷயத்தை மூன்று பேர் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவரின் பெயரும் ஊரும் கீழே வர வேண்டும். பருவத்தின் உள்மதிப்பீட்டு மதிப்பெண் முழுவதும் இந்த விக்கிக்குத்தான் என்று சார் அறிவித்தார்.

திரை முழுவதும் தமிழில் இருந்தது. திருத்துவதற்கு 'தொகு'. முடித்தால் 'சேமி'. யார் எதை மாற்றினார் என்று பார்க்க 'வரலாறு'. மேல் மூலையில், உள்ளே நுழைந்தவர் வெளியேற அமுக்க வேண்டிய பொத்தானுக்கு 'விடுபதிகை' என்று பெயர். அந்தச் சொல்லை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. பதினான்காம் சிஸ்டத்தில் இருந்த நதியா என்ற பெண் பக்கத்தில் இருந்த விக்கியிடம், "இது இன்னாடா?" என்று கேட்டாள்.

அவன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "அத மட்டும் தொட்டுடாத. பதிவ வுட்டுடும். காலேஜு ரிஜிஸ்டர்லருந்தே உம் பேரு போயிடும்" என்றான்.

கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் அந்த வரிசை நம்பியது. வரிசை சொல்லி வகுப்பு நம்பியது. நம்பாதவர்களும் எதற்கு வம்பு என்று தொடவில்லை. எல்லோரும் எழுதி முடித்து, திரையில் இருந்த ஜன்னலை மூடியோ, திறந்தபடியே விட்டோ போனார்கள். மறுபடி யார் திறந்தாலும் முதலில் உட்கார்ந்தவர் பெயரிலேயே பக்கம் திறந்தது. சாருக்கு இது தெரியாது. எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், நானும் விக்கி சொன்னதைக் காதில் வாங்கி நம்பியிருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் வாரமே இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்து, ஒருவன் எழுதியது இன்னொருவன் கணக்கில் ஏறிவிட்டது. சார் ஆளுக்கு ஒரு சிஸ்டம் என்று நிரந்தரமாக எண் போடச் சொன்னார். நான் பதிவேட்டில் போட்டேன். பிறகு மெதுவாக ஒரு விதியைச் சொன்னார். "உங்க பேர்ல உங்க கைதான் எழுதணும். வேற கை எழுதினா, எழுதினவருக்கும் சுழி, எழுதக் கொடுத்தவருக்கும் சுழி. இதுல பேச்சே இல்ல."

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளைப் பற்றி ஒரு குழு எழுதியது. உளிகளின் பெயர்களை மட்டும் ஒரு பக்கத்துக்கு அடுக்கியிருந்தார்கள். கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவைப் பற்றி ஒரு குழு எழுதியது. அதில் ஒருவன் 'எட்டுப் பேர் போகலாம்' என்று எழுதுவான், இன்னொருவன் வந்து 'பதினொரு பேர்' என்று மாற்றுவான். எட்டு, பதினொன்று, எட்டு, பதினொன்று என்று வரலாறு நீண்டுகொண்டே போனது. சார், "ஆதாரம்?" என்றார். பதினொன்றுக்காரன் மறுவாரம் ஒரு போட்டோவோடு வந்தான். எல்லோரும் எண்ணிப் பார்த்தோம். டிரைவரோடு பன்னிரண்டு.

மாலையில் அணைக்கும்போது திறந்து கிடக்கும் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் மூடுவேன். அதுவரை நான் படித்ததெல்லாம் எங்கோ இருப்பவர்கள் எங்கோ இருப்பதைப் பற்றி எழுதியவை. இது என் பஸ் போகிற ஊர்களைப் பற்றி, என் நோட்டில் கையெழுத்துப் போடுகிற பிள்ளைகள் எழுதியது.

நதியா புதுப்பட்டினத்துப் பெண். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். கையெழுத்துப் போடும்போது என்னிடம் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். நான் பதில் பேசாவிட்டாலும் அவளுக்குக் கவலையில்லை. ஒரு நாள் சொன்னாள்:

"அக்கா, ஒரு அரியர் வுழுந்தா போதும். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸுல ஏத்திடுவேன்னு அம்மா சொல்லிகினே கீது. அரியர் இல்லாம முடிச்சாத்தான் பி.எட்."

"வுழாது" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

நதியாவும் விக்கியும் ஒரே குழு. அவர்கள் எடுத்த பக்கம் விக்கியின் ஊர் ஏரி. திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து உள்ளே போகிற ஊர். அது என் ஊரும்தான். அவன் வீடு ஊர்ப் பக்கம், என் வீடு காலனிப் பக்கம்.

நான் குமாரிடம் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு பதினான்காம் சிஸ்டத்தை அணைக்கப் போனேன். ஏரிப் பக்கம் திறந்திருந்தது. கரையின் நீளம், ஏரி பாயும் ஆயக்கட்டு, மிகுதி நீர் வழியும் கலங்கல் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு ஒரு வரி. 'நடவுக் காலத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் மதகைத் திறந்துவிடுவார்.' ஏரி விவகாரங்களை முன்னின்று பேசியவர் அந்தப் பெரியதனக்காரர். அவர் விக்கியின் தாத்தா.

மதகைத் திறந்தவர் என் அப்பா. பெயர் மாசிலாமணி. ஏரித் தண்ணீரைத் திறந்து வயல் வயலாக அளந்து விடுகிற நீர்க்கட்டி வேலை அவருடையது. பழைய மதகில் சக்கரம் எதுவும் கிடையாது. தண்ணீருக்குள் மூழ்கி, அடியில் துளையை அடைத்திருக்கும் கட்டையைக் கையால் அசைத்து எடுக்க வேண்டும். கட்டை வந்தவுடன் தண்ணீர் இழுக்கும். அந்த இழுப்பில் சிக்காமல் பக்கவாட்டில் உதைத்து மேலே வர வேண்டும்.

அந்த வரியைப் படித்துவிட்டு அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். 'தொகு' என்பதை அமுக்கினேன். இப்படி மாற்றினேன்:

'பெரியதனக்காரர் திறக்கச் சொல்லுவார்.  திறப்பவர் நீர்க்கட்டி.  அவர் மூழ்கித் துளையின் கட்டையை எடுத்து, நீர் இழுக்கும் முன் பக்கமாக உதைத்து மேலே வருவார்.  நீர்க்கட்டி மாசிலாமணி இந்த வேலையைக் கடைசிவரை செய்தார்.'

'சேமி'. மேல் மூலையில் நதியாவின் பெயர் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், அது என்ன செய்யும் என்று நினைக்கவில்லை. தாளில் பென்சிலால் திருத்தி வைப்பது போலத்தான் நினைத்தேன். பிறகு முப்பத்திரண்டையும் அணைத்து, பதிவேட்டில் வழக்கமான கடைசி வரியை எழுதிவிட்டு, பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு வரைக்கும் ஏதோ பரிசு வாங்கியவள் போல உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை லேபுக்குள் நுழைந்ததும் விக்கி நேராக நதியாவிடம் போனான்.

"இன்னாடி, எங்க தாத்தாவ வேலைய விட்டே தூக்கிட்ட?"

"நான் எங்கடா தூக்கினேன்? உங்க தாத்தாவ நான் பார்த்ததே கெடையாது."

"வரலாறுல உம் பேரு கீது பாரு. அஞ்சு மணிக்கு மேல மாத்தியிருக்க."

"நான் நாலு மணி பஸ்ஸுக்கே போய்ட்டேனே."

"அப்ப உன் ஆவி வந்து எழுதிச்சா?"

நான் கதவருகே என் மேஜையில் இருந்தேன். திறந்திருந்த நோட்டின் மேல் குனிந்துகொண்டேன். சார் வந்தார். இருவரும் சொன்னதைக் கேட்டார். பதினான்காம் சிஸ்டத்தின் முன் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழைய வரியையும் புதிய வரிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் படிக்கும்போது பென்சில் முனை திரையைத் தொடாமல் ஒவ்வொரு எழுத்தின் மேலும் போகும். நான்கு வரிக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

"நதியா, இது உன் கை இல்லையேம்மா."

"அதான் சார் நானும் சொல்லிகினு கீறேன்."

"இந்த நாலு வரியில முற்றுப்புள்ளிக்குப் பொறவு ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு இடைவெளி விட்டிருக்கு. நீ இத்தன நாள்ல ஒரு இடைவெளிகூட ஒழுங்கா விட்டதில்ல. யாரோ முறையாத் தட்டச்சுப் படிச்சவங்க எழுதினது. யார்ட்டம்மா கடவுச்சொல் கொடுத்த?"

"யாருக்கும் இல்ல சார். சத்தியமா."

"விதி என்னன்னு தெரியும்லா?"

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். எனக்குக் கம்பெனி பஸ் தெரிந்தது.

"மேரியம்மா, அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் கொண்டு வாரீங்களா? அவ எப்பப் போனான்னு பாப்போம்."

என் மேஜையிலிருந்து பதினான்காம் சிஸ்டத்துக்கு இருபது அடி இருக்கும். ஏழாவது நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே தெரிந்தது, நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. லேப் உதவியாளர் ஏரியைப் பற்றி எழுதுவாள் என்று யாருக்குத் தோன்றும்? என்னை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

சார் பக்கத்தைத் திறந்தார். பதினான்கு, நதியா, உள்ளே மூன்று மணி, வெளியே மூன்று ஐம்பது. பென்சில் கீழே இறங்கியது. கடைசி வரி: 'ஐந்து பத்து.  முப்பத்திரண்டும் அணைத்தேன்.  மா. மேரி.' அந்த வரியில் முற்றுப்புள்ளிக்குப் பிறகு, கையெழுத்திலும் நான் விட்டிருந்த அகன்ற இடைவெளியில் பென்சில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானாகச் சொல்வதற்கு நேரம் கொடுத்தார் என்று பிறகுதான் புரிந்தது.

"அது என் கை சார்" என்றேன்.

"என்னம்மா?"

"அந்த நாலு வரி. என் கை. நதியாவுக்குத் தெரியாது. சிஸ்டம் தெறந்து இருந்துது. நான் எழுதிட்டேன்."

முப்பத்திரண்டு முகங்கள் திரும்பின. விக்கிதான் முதலில் பேசினான். "அக்கா, நீங்களா?"

சார் நிமிர்ந்தார். "எதுக்கு மாத்துனீங்க?"

"தப்பா இருந்துது சார்."

"ஆதாரம்?"

அந்தச் சொல்லுக்கு வழக்கமாக யாராவது சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

"எங்கப்பா சார். மாசிலாமணி. அவருதான் முழுகி மதகு தொறப்பாரு. நான் கரையில அவரு துண்டைப் புடிச்சுகினு நிப்பேன்."

"அப்பா இருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க பாத்தது ஒண்ணு." காதில் பென்சிலைச் செருகினார். "விக்னேஷ், உன் ஆதாரம்?"

"எங்க தாத்தா சார். அவருதான் ஏரி தொறப்பாருன்னு எங்கப்பா சொன்னாரு."

"தாத்தாகிட்ட கேட்டியா?"

"இல்ல சார்."

"இருக்காரா?"

"வூட்லதான் கீறாரு. டிவி பாத்துகினு இருப்பாரு."

"போன் போடு. எல்லாருக்கும் கேக்க மாதிரி வை."

விக்கி போனை மேஜை மேல் வைத்தான். முப்பத்திரண்டு பேரும் நெருங்கி வந்தார்கள். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகு ஒரு முதிய குரல் எடுத்தது.

"தாத்தா, நம்ம ஏரி மதகை யாரு தொறப்பாங்க?"

"இப்ப எதுக்குடா? ஏரியில தண்ணியே இல்லியே."

"பாடத்துக்கு தாத்தா. நீதான தொறப்ப?"

"நானா? தொறன்னு சொல்லுவேன். கரை மேல கொடை புடிச்சுகினு நிப்பேன். எனக்கு நீச்சலே தெரியாதேடா."

லேப் குலுங்கியது. விக்கி ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டான். "அப்ப முழுகுனது யாரு?"

"மாசிலாமணி. அவன வுட்டா ஆள் ஏது? ஒரு தபா அவன் முழுகி வர்ற வரைக்கும் நானும் மூச்சை அடக்கிப் பாக்கலாம்னு பாத்தேன். பாதியிலயே வுட்டுட்டேன். அவன் இன்னும் வரல. அவன் பொண்ணு ஒண்ணு துண்டைப் புடிச்சுகினு நிக்கும். வாயே தொறக்காது அது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இப்ப தொறந்துடுச்சு தாத்தா" என்றான் விக்கி.

"இன்னாது, மதகா?"

சாரே சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ரெண்டு" என்றார். "மூணாவது ஆளை நீங்க ரெண்டு பேரும் காலனிப் பக்கம் போய்க் கண்டுபிடிச்சுட்டு வாங்க." பிறகு முகம் மாறியது. "ஆனா விதி விதிதான். நதியா பேர்ல வேற கை எழுதியிருக்கு. கொடுத்தியா, விட்டுட்டுப் போனியாங்கிறதுதான் கேள்வி. போறப்ப விடுபதிகை அமுக்கினியா?"

"இல்ல சார்" என்றாள் நதியா. "அமுக்கினா காலேஜுலருந்து பேரு போயிடும்ல?"

"யாரு சொன்னா?"

வகுப்பே விக்கியைத் திரும்பிப் பார்த்தது.

"கேலிக்குச் சொன்னேன் சார்."

"எத்தன பேரு இதுவரைக்கும் அமுக்கல?"

ஒன்று, இரண்டு என்று கைகள் உயர்ந்தன. பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன. விக்கியின் கையும்.

"உனக்கு என்னலே? நீதான கதை கட்டினவன்."

"எல்லாரும் நம்பினாங்களா சார், ஒருவேளை நெஜமா இருக்குமோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

சார் என் பக்கம் திரும்பினார். "நீங்களுமாம்மா?"

நான் கையைப் பாதி உயர்த்தினேன்.

அவர் கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்து முதலில் தன் பெயரை எழுதினார். அதற்கு நேராக ஒரு பெரிய சுழி போட்டார்.

"உள்ள போகச் சொல்லிக் கொடுத்தேன். வெளிய வரச் சொல்லிக் கொடுக்கல. இந்தச் சுழி எனக்கு. உங்களுக்கு எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு மதிப்பெண் குறையும், தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேக்காததுக்கு. நதியாவுக்கும் அதே ஒண்ணுதான். அதுக்கு மேல இல்ல."

நதியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து, "இன்னாக்கா நீ, முன்னாடியே சொல்லக்கூடாதா? பாதி உயிர் பூட்ச்சு" என்றாள்.

"மேரியம்மாவுக்கு மார்க்கு இல்லியே சார். அவங்களுக்கு எதுல கொறைப்பீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அவங்களுக்குத் தண்டனை வேற" என்றார் சார். நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா."

அன்று உட்கார்ந்தேன்.

எனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கினார். பெயர் என்ன போட வேண்டும் என்று கேட்டார். "மேரி" என்றேன். "நோட்டுல மா. மேரின்னு போடுதீங்கள்லா? அதையே போடுவோம்" என்றார். மா என்பது மாசிலாமணி. பிறகு நதியாவை அழைத்து, அவள் பெயரில் நான் செய்த மாற்றத்தை அவளையே 'மீளமை' என்ற பொத்தானால் நீக்கச் சொன்னார். அவள் அமுக்கினாள். ஒரு நிமிடம் நீச்சல் தெரியாத பெரியதனக்காரர் மறுபடி மதகைத் திறந்துகொண்டிருந்தார். அதன் பிறகு நான் என் பெயரில் அந்த நான்கு வரிகளையும் தட்டினேன். முப்பத்திரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் நிற்க, ஒரு எழுத்தும் பிசகவில்லை. கீழே ஒரு சின்னக் கட்டம். என்ன மாற்றினோம், ஏன் என்று அதில் சுருக்கமாக எழுத வேண்டும். 'திறந்தவர் பெயர் திருத்தப்பட்டது.  நான் பார்த்தது' என்று எழுதினேன்.

சேமித்ததும் சார் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து காட்டினார். விக்னேஷ், நதியா, விக்னேஷ், நதியா. எல்லோருக்கும் மேலே மா. மேரி. என் தவறும் அங்கேயே இருந்தது, நதியாவின் பெயரில், அதை நீக்கிய வரியும் அடுத்து இருந்தது. எதையும் மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுவாரம் விக்கியும் நதியாவும் மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் நாற்று நட்ட ஒரு அம்மா. அவர் சொன்னதில் எனக்கே தெரியாத ஒன்று இருந்தது. அப்பா மூழ்குவதற்கு முன் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிப்பாராம். நதியா அதைத் தன் பெயரில் எழுதினாள். வழக்கம்போல இடைவெளி எதுவும் ஒழுங்காக இல்லை. நான் திருத்தவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் சார் புதிய வகுப்பிடம், "முதல்ல வெளிய வரப் படிங்க" என்பார். எல்லோரும் உள்ளே போய் உடனே விடுபதிகையை அமுக்க வேண்டும், பத்து முறை. விக்கி மூன்றாம் ஆண்டு முடியும் வரை வெள்ளிக்கிழமைகளில் லேப் வாசலில் நின்றுகொண்டு, பஸ் கண்டக்டர் போல, "விடுபதிகை ஆச்சா, விடுபதிகை ஆச்சா" என்று கேட்டுத்தான் ஒவ்வொருவரையும் வெளியே விட்டான். நதியாவுக்கு அரியர் விழவில்லை. இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்கும் ஒரு விக்கி வைத்திருக்கிறாள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் துறையில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். பேசச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சார், "பேச வேண்டாம்மா. ஒரு பொத்தான் அமுக்கினாப் போதும்" என்றார். லேபுக்குப் போய் விடுபதிகையை அமுக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் என் கணக்கைச் சார் மூடவில்லை. "அது உங்களுது" என்று சொல்லிவிட்டார்.

குமாருடன் பேசி முடித்த பிறகு, செல்போனில் என் கணக்கில் நுழைந்து அந்த ஏரிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பக்கம் இப்போது நீளமாகிவிட்டது. யார் யாரோ படம் சேர்த்திருக்கிறார்கள். 'வரலாறு' என்பதைத் தொட்டேன். இந்த ஆண்டு மாணவர் ஒருவர், எனக்குத் தெரியாத பெயர், என் நான்கு வரிகளிலும் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இருந்த இரண்டாவது இடைவெளியை எடுத்துவிட்டிருந்தார். காரணமும் எழுதியிருந்தார்: 'தேவையற்ற இடைவெளிகள் நீக்கம்'. அவர் செய்தது சரிதான். இப்போது யாரும் இரண்டு விடுவதில்லை.

இருந்தாலும் 'மீளமை' என்பதை அமுக்கினேன். கீழே இருந்த சின்னக் கட்டத்தில் எழுதினேன்: 'இந்த இடைவெளி ஒருமுறை தேவைப்பட்டது.  இது என் கை.'

சேமித்தேன். பிறகு மறக்காமல் விடுபதிகையை அமுக்கினேன்.